மின்ஸ் பை: ஜாடியா, சொந்தப் பூரணமா?

இங்கிலாந்துக்கு வந்த முதல் டிசம்பரில் அலுவலகத்தில் யாரோ ஒரு தட்டு நிறைய மின்ஸ் பை கொண்டுவந்து வைத்தார்கள். மின்ஸ் என்றால் கொத்துக்கறி என்று மட்டும் தெரிந்திருந்த நான், மட்டன் பஃப்ஸுக்கு அண்ணன் முறை போலிருக்கிறது என்று நினைத்து ஒன்றை எடுத்துக் கடித்தேன். உள்ளே திராட்சை. கிராம்பு வாசனை, ஆரஞ்சுத் தோலின் லேசான கசப்பு, கறுத்த சர்க்கரைப் பாகு. ஏமாந்துபோனது உண்மை. ஆனால் இரண்டாவதை எடுக்கும்போது அந்த ஏமாற்றம் இல்லை.

அதற்கப்புறம் பதினைந்து டிசம்பர் போய்விட்டது. இப்போதெல்லாம் நவம்பர் வந்தால் தெரிந்தவர்களில் யாராவது ஒருவர் கேட்கிறார்: “இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு மின்ஸ் பை வீட்டிலேயே செய்யலாம்னு இருக்கேன். ஜாடி வாங்கட்டுமா, பூரணத்தையும் நானே கிளறட்டுமா?” ஜாடி என்றால் கடையில் தயாராக விற்கும் பூரணம். மின்ஸ்மீட் என்பார்கள். பதில் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பூரணத்தில் எந்தக் கொழுப்பு? அதை முடிவு செய்தால் பாதிக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும்.

பெயரில் இருக்கும் இறைச்சி சும்மா வந்ததில்லை. 1615-ல் ஜெர்வாஸ் மார்க்கம் இல்லத்தரசிகளுக்காக எழுதிய நூலில் உள்ள செய்முறை ஓர் ஆட்டுத்தொடையில்தான் தொடங்குகிறது. கறியை எலும்பிலிருந்து எடுத்து, அரைவேக்காடு வேகவைத்து, 3 பவுண்டு ஆட்டுக்கொழுப்போடு பொடியாகக் கொத்த வேண்டும். மிளகு, உப்பு, கிராம்பு, ஜாதிபத்திரி. பிறகு கைநிறைய உலர்திராட்சை, ப்ரூன் என்ற உலர்ந்த பிளம், கொஞ்சம் பேரீச்சை, ஆரஞ்சுத் தோல். பட்டியலைப் படித்தால் நமக்குப் பிரியாணி ஞாபகம்தான் வரும். 1861-ல் திருமதி பீட்டனின் புகழ்பெற்ற சமையல் புத்தகத்துக்கு வரும்போது செய்முறை இரண்டாகப் பிரிந்துவிட்டது: மாட்டுக்கறி சேர்த்தது ஒன்று, கறியே இல்லாமல் எலுமிச்சையும் ஆப்பிளும் சேர்த்தது இன்னொன்று. பிரிட்டனில் நிலைத்தது இரண்டாவதுதான். ஆனால் கறி போன பிறகும் கறியின் கொழுப்பு போகவில்லை. அதுதான் சூயெட். மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கும் கெட்டியான வெள்ளைக் கொழுப்பு.

இது எனக்குத் தெரியவந்த விதம் கொஞ்சம் தர்மசங்கடமானது. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். சுத்த சைவம். அடுத்த வீட்டுப் பாட்டி துணி மூடிய தட்டில் ஆறு பை கொடுத்தனுப்பினார். “நம்ம சோமாசி மாதிரியே இருக்குடா, எண்ணெய்தான் இல்ல” என்று அம்மா ரசித்து ஒன்றரை பை சாப்பிட்டார். தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பாட்டி பெருமையாகச் சொன்னார்: கசாப்புக் கடையில் சொல்லிவைத்து வாங்கிய நல்ல மாட்டு சூயெட்டாம், பெட்டியில் வருவதை அவர் தொடுவதே இல்லையாம். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

சரி, கொழுப்புக்கு வருவோம். நம் முன்னால் இருப்பது மூன்று.

முதலாவது அந்தப் பாட்டியின் மாட்டு சூயெட். மரபு என்று பார்த்தால் இதற்கு மேல் பேச்சில்லை. இதன் சாமர்த்தியம் உருகும் சூட்டில் இருக்கிறது. வெண்ணெய் 32, 35 டிகிரியில் இளகி ஓடிவிடும். சூயெட் 45 டிகிரி தாண்டும்வரை கல்மாதிரி நிற்கும். அதனால் ஓவனில் மாவு ஓரளவு இறுகிய பிறகுதான் கொழுப்பு உருகி, ஆப்பிளிலும் திராட்சையிலும் பூசியதுபோல் படிகிறது. கறி வாசனையெல்லாம் கிடையாது. ஒரு கனமும் பளபளப்பும் மட்டும் வரும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: இந்தப் பை சூடாகத்தான் நன்றாக இருக்கும். ஆறினால் வாயின் மேலண்ணத்தில் மெழுகு ஒட்டியதுபோல் இருக்கும். கசாப்புக்கடைக் கட்டியை வாங்கினால் இடையிடையே இருக்கும் ஜவ்வை உரித்தெடுத்து, மாவு தூவித் துருவ வேண்டும். அரை மணி நேர வேலை, கை முழுக்கப் பிசுக்கு. அட்டைப் பெட்டியில் துருவியே வரும் சூயெட்டை 1893-லேயே மான்செஸ்டரில் அடோரா என்ற பெயரில் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். காளைக்கான ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

இரண்டாவது, தாவர சூயெட். பெயர்தான் சூயெட். உண்மையில் கெட்டியான பாமாயிலும் வேறு எண்ணெயும் சேர்த்து, ஒட்டாமலிருக்க மாவு தூவிய குருணை. நம்மூர் வனஸ்பதிக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவையில் அதற்கென்று எதுவும் இல்லை, கெடுதலும் இல்லை. கெட்டியாக நிற்கும், மாதக்கணக்கில் தாங்கும். எங்கள் வீட்டில் பல வருடங்களாக இதுதான். கடையில் விற்கும் மின்ஸ்மீட் ஜாடிகளிலும் பெரும்பாலும் இதுதான் இருக்கிறது. அதனால் சைவக்காரர்கள் ஜாடியைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை, லேபிளைப் படித்தால் போதும். கோதுமை ஆகாதவர்கள் மட்டும் அந்தத் தூவிய மாவு என்ன மாவு என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வெண்ணெய். ஃப்ரீசரில் வைத்து இறுகிய வெண்ணெயைத் துருவிப் போடுவது. மூன்றில் சுவை இதற்குத்தான் அதிகம் என்பேன், மரபுக்காரர்கள் அடித்தாலும் சரி. ஆறிய பிறகும் மெழுகு போல் ஒட்டாது. ஆனால் வெண்ணெயில் தண்ணீர் இருக்கிறது, சீக்கிரம் உருகுகிறது, நாள் தாங்காது. ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தீர்த்துவிடுவீர்கள் என்றால் வெண்ணெய். நவம்பரில் கிளறி டிசம்பர் கடைசிவரை அலமாரியில் வைக்கப் போகிறீர்கள் என்றால் சூயெட். நெய்யும் போட்டுப் பார்த்தேன். கெடாது. ஆனால் திறந்தவுடன் வீடே ரவா கேசரி வாசனை, கிறிஸ்துமஸ் எங்கோ போய்விட்டது.

இனி ஜாடி விஷயம். பிரிட்டனில் மின்ஸ்மீட் ஜாடியின் வழக்கமான அளவு 411 கிராம். பைக்கு ஒரு தேக்கரண்டி குவியலாக வைத்தால் பதினைந்து, பதினாறு பை வரும். ஒரு வேலைநாள் மாலையில் முடித்துவிடலாம். மலிவு ஜாடிகளில் இரண்டு குறை. சர்க்கரை தூக்கலாக இருக்கும், பழம் குறைவாக இருக்கும். சிலவற்றில் அசிட்டிக் அமிலம் சேர்ப்பதால் வாயில் வைத்ததும் ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்ததுபோல் ஒரு சுருக் புளிப்பு வரும். இரண்டையும் ஐந்து நிமிடத்தில் சரிசெய்யலாம். ஒரு புளிப்பான பச்சை ஆப்பிளில் பாதியைத் துருவிப் போடுங்கள், ஒரு ஆரஞ்சின் மேல்தோலை அங்கேயே சீவிவிடுங்கள், ஒரு கைப்பிடி திராட்சை, சீவிய பாதாம், கொஞ்சம் ஜாதிக்காய். குடிப்பவர் வீடென்றால் இரண்டு கரண்டி பிராந்தி. கலந்து ஒரு ராத்திரி வைத்தால் மறுநாள் அது வேறு சரக்கு. விலை கூடிய ஜாடி வாங்குவதைவிட இது மேல் என்பது என் கருத்து. விலை கூடியதில் பழமும் பிராந்தியும் அதிகம் இருக்கும்தான், ஆனால் அப்போதே சீவிய ஆரஞ்சுத் தோலின் வாசனை எந்த ஜாடியிலும் வராது.

அப்படியானால் சொந்தமாக ஏன் கிளற வேண்டும்? எனக்குக் காரணம் ஒன்றுதான்: ஆப்பிள். பிராம்லி என்று ஒரு சமையல் ஆப்பிள் இங்கே உண்டு. பச்சையாகக் கடித்தால் மாங்காய்ப் புளிப்பு. வேகவைத்தால் துண்டு தெரியாமல் கரைந்து பஞ்சாகிவிடும். 1809 வாக்கில் நாட்டிங்ஹாம்ஷயரின் சௌத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி போட்ட விதையிலிருந்து வந்த மரம் அது. பெயர் மட்டும் பின்னாளில் அந்த வீட்டை வாங்கிய பிராம்லி என்பவருக்குப் போய்விட்டது. அவர் தொழில் கசாப்புக்கடை. கறி நீங்கிய மின்ஸ்மீட்டுக்குள் ஒரு கசாப்புக்காரர் இப்படிக் கொல்லைப்புறமாக நுழைந்தது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். இந்தப் புளிப்புதான் அத்தனை சர்க்கரையையும் திராட்சையையும் தாங்கிப் பிடிக்கிறது. ஜாடியிலும் ஆப்பிள் உண்டு, ஆனால் அதன் புளிப்பு நாக்குக்குத் தெரிவதில்லை.

என் அளவு இது: ஒரு பெரிய பிராம்லி (250 கிராம் வரும்) பொடியாக நறுக்கியது, ரெய்சின் 200 கிராம், சுல்தானா 150, கரன்ட் 150 (மூன்றும் உலர்திராட்சை வகைகள்), சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சு எலுமிச்சைத் தோல் 75, கறுப்புச் சர்க்கரை 175, சூயெட் 125, சீவிய பாதாம் 30, ஒரு ஆரஞ்சு, ஒரு எலுமிச்சையின் தோலும் சாறும், மிக்ஸ்டு ஸ்பைஸ் (பட்டை, ஜாதிக்காய் எல்லாம் கலந்த மசாலாப் பொடி) 2 தேக்கரண்டி, அரை ஜாதிக்காய் துருவியது, பிராந்தி 4 மேசைக்கரண்டி. மூன்று ஜாடி நிறையும். கரன்ட் என்றதும் கறுப்புக் கரன்ட் பழத்தைத் தேடாதீர்கள். இது குட்டியான விதையில்லாத திராட்சையை உலர்த்தியது, கிரேக்கத்தின் கொரிந்து நகரின் பெயர் திரிந்து வந்தது. அந்த ஆரஞ்சுத் தோலுக்குப் பதிலாக ஊரிலிருந்து வந்த டூட்டி ஃப்ரூட்டியைப் போடலாமா என்று கேட்பார்கள். அது பப்பாளிக்காய். நிறம்தான் வரும், கசப்பு வராது. கறுப்புச் சர்க்கரை இல்லாத ஒரு வருடம் உடன்குடிக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கருப்பட்டியைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை.

இதில் ஒரு இடத்தில்தான் கவனம் வேண்டும், அங்கேதான் நான் கோட்டை விட்டேன். முதல் முறை எல்லாவற்றையும் பச்சையாகக் கலந்து ஜாடியில் அடைத்து, சமையலறையில் ரேடியேட்டருக்கு மேலிருந்த அலமாரியில் வைத்தேன். மூன்று வாரம் கழித்து ஒரு ஜாடியின் மூடியைத் திருகினால் ‘புஸ்’ என்று சத்தம். மேலே நுரை. மூக்கை அருகில் கொண்டுபோனால், சந்தேகமே இல்லை, வெயில் ஏறிய கள். ஆப்பிளின் சாறு வெளியேறி நொதித்துவிட்டது. மூன்று ஜாடியும் குப்பைக்குப் போயின. இதற்கு வைத்தியம் எளிது. பிராந்தியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கலந்து ஒரு ராத்திரி மூடிவைத்து, மறுநாள் ஓவனில் 120 டிகிரியில் 3 மணி நேரம், மேலே ஃபாயில் போட்டு, வைத்துவிட வேண்டும். சூயெட் உருகி ஒவ்வொரு ஆப்பிள் துண்டின் மேலும் உறை போலப் படியும், சாறு வெளியே வராது, நொதிக்காது. வெளியே எடுக்கும்போது எல்லாம் எண்ணெயில் நீந்துவதுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம். ஆற ஆறக் கிளறிக்கொண்டே இருந்தால் கொழுப்பு திரும்பப் பழத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆறிய பிறகு பிராந்தி, அதன்பின் சுடுநீரில் கழுவி ஓவனில் காயவைத்த ஜாடிகள்.

பிராந்தி வேண்டாம் என்பவர்களுக்கு: ஆரஞ்சுச் சாறோ, திக்கான கட்டஞ்சாயாவோ ஊற்றலாம். சாயாவின் துவர்ப்பு நிஜமாகவே பொருந்துகிறது. ஆனால் அப்போது அது அலமாரிச் சரக்கு இல்லை. ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். இப்படிப்பட்ட வீட்டில் முன்கூட்டிக் கிளறுவதில் லாபமே இல்லை, ஜாடியை வாங்கி மேலே சொன்னபடி மெருகேற்றுவதே புத்திசாலித்தனம். கடை ஜாடியிலும் சில வகைகளில் பிராந்தி இருக்கும், அதையும் லேபிளில் பாருங்கள்.

மார்க்கம் சொன்ன ஆட்டுக்கறி வகையைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒருமுறை செய்தேன். கறி உண்பவர்களுக்கு, அதிலும் நம்மவர்களுக்கு, அது அந்நியமாகவே தெரியாது. அன்றைக்கே செய்து அன்றைக்கே சாப்பிடுங்கள், ஜாடியில் அடைக்க வேண்டாம். அவ்வளவுதான் அதைப் பற்றி.

மாவு. என் அனுபவத்தில் மின்ஸ் பை தோற்பதும் ஜெயிப்பதும் பூரணத்தில் இல்லை, மாவில். கடையில் ஆறு பை அடைத்த பெட்டி ஒன்றிரண்டு பவுண்டுக்குக் கிடைக்கும். அதில் பூரணம் சுமாராக இருந்தாலும் சகித்துக்கொள்கிறோம், அந்தத் தடித்த, ஈர மாவுதான் தொண்டையில் அடைக்கிறது. ஆக ஒரே ஒரு மாலைதான் கையில் இருக்கிறது என்றால், அந்த மாலையை மாவுக்குக் கொடுங்கள், பூரணத்துக்கு ஜாடி போதும். கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்லும் பதில் இதுதான்.

ஷார்ட்கிரஸ்ட் என்னும் உதிரும் மாவுக்குக் கணக்கு எளிது: மாவில் பாதி கொழுப்பு. 200 கிராம் மைதா, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு மஞ்சள் கரு, இரண்டு மூன்று கரண்டி ஐஸ் தண்ணீர். பன்னிரண்டு பைக்குச் சரியாக இருக்கும். பழைய கைகள் வெண்ணெயில் பாதியைப் பன்றிக்கொழுப்பாக மாற்றுவார்கள், மாவு இன்னும் மொறுமொறுப்பாக உதிரும். சப்பாத்திக்குப் பிசைந்து பழகிய நம் கைக்கு இங்கே ஒரு எச்சரிக்கை: பிசையாதீர்கள். விரல் நுனியால் புட்டுக்கு உதிர்ப்பதுபோல் உதிர்த்து, தண்ணீர் தெளித்து, ஒன்றுகூட்டினால் போதும். அடித்துப் பிசைந்தால் பை வறட்டி மாதிரி வரும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, 3 மில்லிமீட்டர் கனத்தில் தேயுங்கள்.

பஃப் பேஸ்ட்ரியில் செய்தால் மரபு மீறல் என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். பீட்டன் அம்மையார் மின்ஸ் பைக்குச் சொல்லியிருப்பதே பஃப் மாவுதான். கடையில் விரித்தே விற்கும் பஃப் ஷீட்டை வாங்கினால் மாவு வேலையும் இல்லை. ஆனால் முழு வெண்ணெயில் செய்தது என்று போட்டிருக்கிறதா பாருங்கள், மற்றவை வெறும் காற்று. எனக்கு அதில் உள்ள குறை வேறு: அடிப்பகுதி ஈரமாகிவிடுகிறது, அன்றைக்கே சாப்பிட்டாக வேண்டும். டின்னில் ஷார்ட்கிரஸ்ட் அடி, மேலே பஃப் மூடி என்று இரண்டையும் கலப்பவர்கள் உண்டு. அழகாக இருக்கும், ஆனால் இரண்டு மாவுக்கு யாருக்கு நேரம்?

டின் வாங்கும்போது ஆழமில்லாத, கிண்ணம் போன்ற பன்னிரண்டு குழி டின்னாகப் பாருங்கள். மஃபின் டின்னில் செய்தால் பூரணம் அதிகம் போகும், ஒரு பைக்கே திகட்டிவிடும். அடிக்கு ஏழரை சென்டிமீட்டர் வட்டம், மேலுக்கு 6 சென்டிமீட்டர். அப்புறம் பூரணத்தை அள்ளி வைக்கும் ஆசை. சோமாசி சுட்டவர்களுக்குத் தெரியும், ஒரு கரண்டி கூடப் போனால் வாய் பிளந்துகொண்டு எண்ணெய் முழுக்கப் பூரணம். இங்கே எண்ணெய்க்குப் பதில் டின். கொதிக்கும் சர்க்கரை மூடியின் ஓரமாக வழிந்து, குழிக்கும் பைக்கும் நடுவே இறங்கி, ஆறியதும் கடலைமிட்டாய்ப் பாகு மாதிரி பிடித்துக்கொள்ளும். ஒரு வருடம் பன்னிரண்டில் ஏழு பையைக் கத்தியால் நெம்பி எடுத்தேன், மூடி தனியாக, அடி தனியாக. அதை ஒரு கிண்ணத்தில் போட்டு மேலே கஸ்டர்டு ஊற்றிக் கொடுத்தேன், புதுவகை இனிப்பு என்று விருந்தாளிகள் நம்பினார்கள். குழிக்குப் பாதி உயரத்துக்கு மேல் பூரணம் வேண்டாம். வட்ட மூடி என்றால் நடுவில் ஒரு கீறல், ஆவி போக. நட்சத்திர மூடி என்றால் கீறலும் தேவையில்லை. 200 டிகிரியில், விசிறி ஓடும் ஓவன் என்றால் 180-ல், இருபது நிமிடம். எடுத்ததும் ஐந்து நிமிடம்தான் டின்னில் விட வேண்டும், வழிந்த பாகு இறுகுவதற்குள் மெல்லத் திருகி எடுத்துவிடுங்கள்.

எத்தனை செய்வது? 25-ம் தேதியிலிருந்து பன்னிரண்டு நாளும் நாளுக்கு ஒரு பை சாப்பிட்டால் வரும் வருடத்தின் பன்னிரண்டு மாதமும் நன்றாக இருக்கும் என்று இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. அந்தக் கணக்கில் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 48. நாற்பத்தெட்டையும் ஒரே நாளில் செய்ய நினைத்தால் பழைய லண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பீஸ் வீட்டுக் கதைதான்: 1666 கிறிஸ்துமஸுக்கு வேலைக்காரப் பெண்கள் மின்ஸ் பை செய்வதை மேற்பார்வை பார்த்துக்கொண்டு அவர் மனைவி விடியற்காலை நான்கு மணிவரை விழித்திருந்தாராம், அன்று காலை பெப்பீஸ் எழுந்தபோது அவர் இன்னும் தூங்க வேண்டும் என்றாராம். நமக்கு வேலைக்காரப் பெண்களும் இல்லை.

பெப்பீஸ் வீட்டில் ஃப்ரீசர் இல்லை, நம்மிடம் இருக்கிறது. டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு டின் நிறையச் செய்து, சுடாமலே டின்னோடு ஃப்ரீசரில் வைத்து, இறுகியதும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கிறேன். நட்சத்திர மூடி போட்டது தாவர சூயெட்டும் ஆரஞ்சுச் சாறும், அம்மாவுக்கு. வட்ட மூடி பிராந்தி. யாராவது வந்தால் கோட்டைக் கழற்றித் தொங்கவிடும்போதே ஓவனைப் போட்டுவிடுவேன். உறைந்த பையை அதே டின்னில் வைத்தால் 25 நிமிடம், சமயத்தில் 30. மைக்ரோவேவில் மட்டும் சூடாக்காதீர்கள், மாவு நமுத்துவிடும், உள்ளே இருக்கும் பாகு நாக்கை வெந்துபோக வைக்கும். வருகிறவர் நாயோடு வந்தால் தட்டை உயரமாக வையுங்கள். உலர்திராட்சை நாய்க்கு விஷம்.